வேடத்திற்கு உகந்த மிதியடி

வேடம் புனைவார் பலரும் தலையிலிருந்தே தொடங்குவர். முடி எத்தகையது, கவசம் எந்நிறத்தது, மேலாடை எவ்வளவு நீண்டது என்று பன்னாள் ஆராய்ந்து, கைப்பொருளிற் பெரும்பங்கை அவற்றிற்கே செலவிட்டு, எஞ்சிய சில்லறைக்குக் கிடைத்த மிதியடியைக் கடைசியில் வாங்கிக்கொள்வர். காண்போர் கண்ணும் முதலில் தலைமேலேயே விழுகின்றது. ஆதலின் இவ்வழக்கம் இயல்பேயெனலாம். ஆயினும் வேடத்தைச் சுமந்து நடப்பது கால். பார்ப்பவனுக்கு வேடம் தலையில் தொடங்குகின்றது. பூண்டவனுக்கோ அது காலிலே தொடங்குகின்றது. இதனை மறந்தமையால் விளையும் இடரையும், அதனை நீக்கும் வழியையும் குறித்து எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் கருதும் வேடம் யாதென்பதை முதற்கண் விளக்குதல் முறையாகும். நாடகம் நம் வாசகர் நன்கறிந்தது. அதற்கு எழுதிய பாடம் உண்டு, மேடை உண்டு, அவையோர் உண்டு. மேனாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்துவரும் மற்றொருவகை ஆட்டத்திற்கு இம்மூன்றும் இல்லை. அதனை ஆங்கிலத்தில் 'லார்ப்' என்று சுருக்கி வழங்குவர். கூடுவோர் ஒவ்வொருவரும் வீரன், வணிகன், வைத்தியன், மந்திரவாதி, துறவி என ஒவ்வொரு பாத்திரத்தை மேற்கொள்வர். அதற்குரிய உடை புனைந்து, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் கூடாரமடித்துத் தங்கி, அப்பாத்திரமாகவே பேசியும், உண்டும், போர் புரிந்தும் சில நாட்களைக் கழிப்பர். மனப்பாடம் செய்த வசனம் கிடையாது; காண்போரும் ஆடுவோரே. வாளும் வேலும் மெத்தென்ற நுரைப்பொருளால் அமைந்து, மேலே ரப்பர்ப்பால் பூசப்பெற்றவை. ஆதலின் அடிபட்டார்க்குப் பெருங்காயம் உண்டாவது அரிது.

அமெரிக்காவில் 'டாகோர்ஹிர்' என்னும் போர் விளையாட்டு 1977-ஆம் ஆண்டில் தோன்றிற்று. இங்கிலாந்தில் செஷயர் நாட்டுப் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 'டிரெஷர் டிராப்' என்னும் ஆட்டம் 1982-இல் தொடங்கிற்று. அக்கோட்டையைக் காண்போர் அது பதின்மூன்றாம் நூற்றாண்டினது என்றே எண்ணுவர். உண்மையில் அது 1844 முதல் 1850 வரை ஒரு செல்வர் பழமைக் கோலத்தில் கட்டுவித்த மாளிகை. கோட்டையே வேடம் பூண்டு நின்ற இடத்தில் மாந்தர் வேடம் பூண்டு ஆடியது பொருத்தமன்றோ! ஜெர்மனி தேசத்தில் புரோகெலோ என்னும் சிற்றூரருகே 2004 முதல் நடந்துவரும் 'கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா' என்னும் கூட்டத்திற்குப் பல்லாயிரவர் திரள்கின்றனர். நார்வே, சுவீடன், டென்மார்க்கு, பின்லாந்து ஆகிய வடநாட்டார் இக்கலையைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1997-ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகரில் ஒரு மகாநாடு கூட்டினர். அஃது ஆண்டுதோறும் நாடு மாறித் தொடர்ந்தது. ஆகவே இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் இயலாது.

மேடை நாடகத்திற்கும் இவ்வாட்டத்திற்கும் கால்களைப் பொறுத்தமட்டில் பெரியதொரு வேறுபாடு உண்டு. நடிகன் மூன்று மணி நேரம் சமமான பலகைமேல் நிற்கின்றான். காட்சிக்குக் காட்சி திரை விழுகின்றது. உள்ளே சென்று அமரலாம், கழற்றலாம். இவ்வாட்டத்திலோ விடியலிற் பூண்ட மிதியடி நள்ளிரவு வரை கழலாது. ஈரப்புல், சேறு, மரவேர், கற்படி, கூடாரக் கயிறு ஆகிய அனைத்தையும் இருளிலும் மழையிலும் கடந்து செல்லவேண்டும். ஓடவும் வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு நாட்கள். மேடைக்குப் போதுமான அட்டைக் காலணி இதற்கு ஒருநாளும் தாங்காது.

யாம் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், எம்மோடு ஒரே விடுதியில் வசித்த மாணவரொருவர் இத்தகைய கூட்டத்திற்கு எம்மையும் அழைத்துச் சென்றார். அவர் செல்வர் அல்லர்; ஓராண்டுக் காலம் வார இறுதிகளில் உணவுச் சாலையொன்றில் தட்டுக் கழுவிச் சேர்த்த பணத்தில் குதிரைவீரன் வேடம் சமைத்திருந்தார். நீலக் கம்பளி மேலங்கி, தோற்கச்சை, தொடைவரை உயர்ந்து மேலே மடிந்து விழும் பூட்ஸ் யாவும் கண்ணைக் கவர்ந்தன. பூட்ஸ் வேடப்பொருள் விற்கும் ஒரு கடையில் வாங்கியது. தூரத்திலிருந்து நோக்கின் அரசகுமாரனுடையது போன்றிருந்தது. முதல்நாள் காலையில் மழை தூறிற்று. நண்பகலுக்குள் வலக்காற் பூட்ஸின் அடி முன்புறத்தில் வாய் பிளந்தது. மாலைக்குள் இடக்காலும் அவ்வாறே ஆயிற்று. கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தார். இரண்டாம் நாள் காலை, இரு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து குருதி கசிந்திருக்கக் கண்டோம். வெளியே போர்முரசு ஒலித்துக்கொண்டிருக்க, அவர் கூடாரத்தினுள் நனைந்த காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அன்று பிற்பகலே இருப்புப்பாதை நிலையத்திற்கு நொண்டிச் சென்று ஊர் திரும்பினார். அவ்வாட்டத்திற்கு மறுபடியும் அவர் செல்லவில்லை. கேட்டபொழுது, "அஃது எம்போன்றார்க்கு ஏற்றதன்று" என்று மட்டும் கூறினார். ஓராண்டு உழைப்பையும், ஒரு நல்ல இளைஞரின் உவகையையும் அரை விரற்கடைப் பசை கெடுத்துவிட்டது. இதனை எண்ணுந்தோறும் எமக்கு வருத்தம் உண்டாகின்றது. இக்கட்டுரை எழுந்ததும் அவ்வருத்தத்தினாலேயே.

ஆகவே எம் அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறுவோம். வேடத்திற்கென்று ஒருவன் ஒதுக்கும் பொருளில் முதற்செலவு மிதியடிக்கே உரியது. அம்மிதியடியும் பழுது பார்த்துப் பல்லாண்டு பூணத்தக்கதாக இருத்தல் வேண்டும். தோற்றத்தை அதன்பின் அமைத்துக்கொள்ளலாம். மேலும், கூட்டம் கூட்டுவோரும் மூத்த ஆட்டக்காரரும் எளிய உறுதியான காலணியோடு வரும் புதியவனை இகழாது ஏற்றல் கடனாகும்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். "பழங்காலத்தை நடிக்கும் இடத்தில் பழங்காலத்துக் காலணியே வேண்டும், உறுதி, வசதி என்பன பேசுவோர் பாவனையைக் கெடுப்பவர்" என்பது அவர் கூற்று. இக்கூற்றைப் பழங்காலத்தாரையே சாட்சியாக வைத்து ஆராய்வோம்.

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் பெரும்பாலார் அணிந்தது உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துப் பின்னர்ப் புரட்டப்பெற்ற மெல்லிய தோற்செருப்பு. அதன் அடி ஒற்றைத் தோலே. சேற்றிலும் கல்லிலும் விரைவில் தேய்ந்தது. தேய்ந்தபோது அக்காலத்தார் என்செய்தனர்? அடியில் ஒட்டுத்தோல் வைத்துத் தைத்தனர். இங்கிலாந்தில் புதுத்தோலிற் செருப்புச் செய்வோர் ஒரு தொழிலினராகவும், பழஞ்செருப்பைச் செப்பனிடுவோர் மற்றொரு தொழிலினராகவும் பிரிந்திருந்தனர். செப்பனிடுதல் ஒரு தனித்தொழிலாக வாழுமளவிற்கு அங்கு வேலை மிகுந்திருந்தது. சேறு மிகுந்த தெருவில் செல்லுங்கால் மெல்லிய செருப்பின்கீழ் மரத்தாலான மேடைக்கட்டையை மாட்டிக்கொண்டனர். ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டையொட்டி ஓரப்பட்டை வைத்துத் தைக்கும் உறுதியான முறை பரவியதும், பழையதைக் கைவிட்டு அதனைக் கைக்கொண்டனர். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலினின்று வெளிக்கொணரப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான காலணிகள் கிடைத்தன. உயிரோடிருந்தவர் உழைத்துத் தேய்த்த காலணிகள் அவை. முன்னோர் தம் கால்களை வருத்தி அழகு பார்த்தவரல்லர் என்பது இவற்றால் விளங்கும். தம் காலத்திற் கிடைத்தவற்றுள் உறுதியானதை நாடுவதே பழைமைக்கு ஒத்த செயலென்க.

பழைமை என்று பலர் கருதுவதும் சிலவிடத்துப் பழைமையன்று. மேலே மடிந்து விழும் நெடிய பூட்ஸ் பதினேழாம் நூற்றாண்டுக் குதிரைவீரனுக்கு உரியது. சேணத்தின் உராய்வினின்று தொடையைக் காத்தற்கு ஏற்பட்டதேயன்றி நடத்தற்கு ஏற்பட்டதன்று. 1642-இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரில் காலாட்கள் தாழ்ந்த சாதாரணச் செருப்பே அணிந்தனர். குதிரையின்றிக் குதிரைவீரன் பூட்ஸை அணிந்து மூன்று நாள் நடப்பவன் பழைமையைப் பின்பற்றுகின்றான் என்று எவ்வாறு கூறுவது? கடற்கொள்ளைக்காரர் வேடத்திற்கும் இஃது ஒக்கும். கப்பலின் மேற்றளத்தில் கயிறேறித் தொழில் செய்தோர் வெறுங்காலோடும் தாழ்ந்த செருப்போடும் திரிந்தனர். முழங்காலைக் கடந்த பூட்ஸை அவர்க்கு அணிவித்தவை பிற்கால ஓவியமும் சினிமாவுமே.

ஆணி அடித்த காலணியைப் பற்றியும் ஒரு சொல். ரோமப் போர்வீரர் மிதியடியின் அடியில் இருப்பாணிகள் நிரம்பியிருந்தன; மண்ணிலும் புல்லிலும் அவை நன்கு பற்றின. ஆயின், கி. பி. 70-இல் எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது ஜூலியானுஸ் என்னும் நூற்றுக்கதிபதி ஒருவன் தனியனாய்ப் பகைவரைத் துரத்திச் சென்று, தேவாலயத்துக் கற்றளத்தில் ஆணிகள் வழுக்கி வீழ்ந்து, எழுவதற்குள் மாண்டான் என்று யோசேபஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதிவைத்துள்ளார். அவன் வீரத்திற் குறைவில்லை; மிதியடி இடத்திற்கு ஒவ்வாமையே அவன் உயிரைக் கொண்டது. நுரைவாள் ஏந்தி ஆடும் ஆட்டத்தில் ஆணியடி அணிந்தவன் தானும் வழுக்குவான். வீழ்ந்து கிடக்கும் பிறன் கையையும் மிதித்துப் புண்ணாக்குவான். ஆதலின் அதனை விலக்குதல் நன்று.

இனி, உறுதியான மிதியடியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது தோல். விலங்கின் தோலில் மேற்பரப்பே நெருங்கிய நாருடையது. நீரையும் உராய்வையும் தாங்குவதும் அதுவே. அம்மேற்பரப்பு சிதையாதிருப்பது முழுத்தோல் எனப்படும். தழும்புகளை மறைக்கத் தேய்த்து மேலே சாயப்படலம் பூசியது அதற்கு அடுத்த தரம். தோல்துணுக்குகளை அரைத்துப் பசையிட்டுத் தகடாக்கியது கடைத்தரம்; தோல் என்னும் பெயர் மட்டுமே அதற்கு உண்டு. மூன்றும் கடை விளக்கில் ஒன்றுபோலவே மின்னும். வாங்குவோன் கட்டைவிரலால் அழுத்தி மடக்கிப் பார்க்கவேண்டும். முழுத்தோல் நுண்ணிய சுருக்கங்களாக விரிந்து, விட்டவுடன் மீளும். படலம் பூசியது கண்ணாடித்தாள்போல் ஒரே கோடாக மடியும். வெட்டிய ஓரம் எங்கேனும் தெரிந்தால் அதனையும் நோக்குக. நார் தெரியின் தோல், அடுக்கடுக்காகத் தெரியின் போலி. நடைக்குரிய பூட்ஸின் மேல்தோல் இரண்டு மில்லிமீட்டர் அளவேனும் கனமாயிருத்தல் நலம்.

இரண்டாவது அடி இணைந்திருக்கும் முறை. எம் நண்பரின் துன்பத்திற்கு மூலம் இதுவே. அடியைப் பசையால் மட்டும் ஒட்டுவது ஒருமுறை. உள்ளடியினூடே நேராகத் தைத்து இணைப்பது ஒருமுறை. ஓரப்பட்டையை மேல்தோலோடு தைத்து, அப்பட்டையோடு அடியைத் தனியே தைப்பது ஒருமுறை. இவற்றுள் மூன்றாவதே சிறந்தது. ஏனெனின், அடி தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதிய அடியை வைத்துத் தைத்துவிடலாம். மேல்தோலுக்கு ஊறு இல்லை. கையால் செய்துவந்த இவ்வேலையைச் செய்யும் பொறி 1870-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருப்பெற்று, சார்லஸ் குட்இயர் என்னும் இளையவர் பெயரால் வழங்கலாயிற்று. ரப்பரைக் கந்தகத்தோடு சுடவைத்து உறுதியாக்கும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றவர் அவர் தந்தையார். நல்ல மிதியடிக்குத் தந்தை ஒன்று, மைந்தர் ஒன்று ஈந்தனர் எனலாம். பசையால் ஒட்டியவை யாவும் தீயன என்று யாம் கூறவில்லை. நன்கு ஒட்டிய இலேசான மலையேற்றக் காலணிகளும் உள. ஆனால் பசையடியைப் புதுப்பித்தல் கடினம். ஒருவகை வஞ்சனையும் உண்டு: பசையால் ஒட்டிய அடியின் விளிம்பில் அழகுக்காகத் தையல்போற் கோடிட்டு விற்பர். நூல் உண்மையாகவே அடியினூடு சென்று கீழ்ப்புறத்தில் வெளிப்படுகின்றதா என்று திருப்பிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மூன்றாவது அடியின் பொருள். வெறுந்தோலடி உலர்ந்த தரையில் இனியது. ஈரப்புல்லில் எண்ணெய்போல் வழுக்கும். ஆழ்ந்த வரிப்பள்ளமுடைய ரப்பரடியே இவ்வாட்டத்திற்கு ஏற்றது. அதன் வரலாறும் அறியத்தக்கது. 1935-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் புயலில் அகப்பட்டு ஆறு பேர் மாண்டனர். அவருடைய தோழரான வித்தாலே பிரமானி என்பார், குளிருக்கும் பனிக்கும் ஒவ்வாத காலணியும் அதற்கு ஒரு காரணமென்று கருதி, ரப்பரில் வரிப்பள்ளம் வெட்டிய அடியைச் சமைத்து 1937-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் பகுதிகளைச் சேர்த்து 'விப்ரம்' என வழங்குவது அதுவே. 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதல் ஏறிய இத்தாலியர் அணிந்ததும் அவ்வடியே. ஆறு உயிர்களின் இழப்பிற் பிறந்த அறிவைப் 'பாவனைக்குப் பொருந்தாது' என்று தள்ளுவது சரியன்று. மேலும் அடியின் கீழ்ப்புறத்தைக் காண்பது புல் ஒன்றே. விளிம்பைப் பழுப்புச்சாயம் பூசி மறைத்துக்கொள்வது எளிது.

நுரைபோன்ற பாலியூரித்தேன் அடியைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அஃது இலேசானது, மெத்தென்றது. ஆயினும் காற்றின் ஈரம் நாளடைவில் அதன் இணைப்பை அறுக்கின்றது. ஆண்டுக்கொருமுறை மட்டும் பூண்டு பெட்டியில் வைத்த காலணி, சில ஆண்டுகள் கழித்து எடுத்து நடந்தவுடன் ரொட்டித்துண்டுபோல் உதிர்வதைப் பலர் கண்டுள்ளனர். 'அடிக்கடி அணிவதில்லையே, கெடாது' என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

நான்காவது கால். உலகிற் சிறந்த பூட்ஸும் காலுக்குப் பொருந்தாவிடின் தளையே. நடந்து களைத்த கால் மாலையில் சற்றே வீங்கும். ஆதலின் மாலையிற் சென்று, களத்தில் அணியப்போகும் தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்தல் வேண்டும். விரல்களின்முன் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்கவேண்டும். சரிவில் இறங்கும்போது விரல் நுனி முட்டலாகாது. குதிகால் உள்ளே மேலெழுந்து உராயலாகாது. கணுக்காலை மூடிக் கயிற்றால் இறுக்கும் அமைப்பு, இழுத்து மாட்டும் குழாய் அமைப்பினும் சிறந்தது; அதன் கண்களும் கயிறும் பகட்டாகத் தோன்றின் தோல்மடிப்பால் மூடிவிடலாம். அழகிற் பெரிய ஆசை வைத்து ஓரளவு சிறியதை வாங்குவோர்க்கு, செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்னும் நம் பழமொழியே தக்க விடை.

"இவையெல்லாம் பொருளுடையார்க்கு ஆகும், எளியவன் என்செய்வான்?" என்று வினவலாம். இவ்வினாவே எம் உள்ளத்தை உறுத்துவது. விலை குறைந்த வேடப் பூட்ஸை ஆண்டுக்கொன்றாக வாங்குவோன், நாலைந்து ஆண்டுகளில் நல்லதொன்றின் விலையைக் கொடுத்துத் தீர்த்தும், கையில் நல்லதொன்று இல்லாதவனாகவே நிற்கின்றான். ஆயினும் முதலாண்டிலேயே அப்பெருந்தொகை அவனிடம் இல்லை என்பதும் மெய்யே. அவனுக்கு ஒரு வழி உண்டு. மேனாடுகளில் படைவீரர் அணிந்து கழித்த பூட்ஸ்கள் பழம்பொருட் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கனத்த தோலும் உறுதியான அடியும் உடையவை பல. கறுத்த அவற்றை இடைக்கால வீரன் அணிவது எங்ஙனமெனின், கம்பளிப்பட்டியே விடை. வடஐரோப்பாவின் பண்டை மாந்தர் கணுக்கால் முதல் முழங்கால்வரை நீண்ட கம்பளிப்பட்டியைச் சுற்றிக்கட்டும் வழக்கமுடையவர். அவ்வாறு சுற்றின் பூட்ஸின் மேற்பகுதி முழுவதும் மறையும். காலுக்குக் கதகதப்பும் உண்டாகும். வேடமும் சரித்திரத்திற்கு ஒக்கும். செலவோ பழைய கம்பளமொன்றைக் கிழிக்கும் செலவே.

இவ்வாறு வந்தவனைக் கண்டு, "அதோ படைவீரன் பூட்ஸ்!" என்று நகைப்போர் சிலர் எக்கூட்டத்திலும் உளர். அவர்க்கு யாம் பணிவோடு கூறுவது இது. ஆட்டம் நிலைபெறுவது புதியவர் வருகையால். புதியவன் முதலாண்டிற் கேட்ட நகைப்பு அவனை இரண்டில் ஒரு வழியில் செலுத்தும்: அடுத்த ஆண்டு பகட்டான போலியை வாங்கிக் கால் புண்ணாவான், அன்றி வாராது ஒழிவான். இரண்டும் ஆட்டத்திற்கு இழப்பே. கூட்டம் நடத்துவோர் தம் விதிகளில் உடையின் கோலத்தைப் பற்றி விரிவாக எழுதுகின்றனர், அவ்விதிகளின் தலைப்பில், "உறுதியான காலணியோடு வருக, அதன் தோற்றம் பற்றி எவரும் எவரையும் இகழற்க" என்று ஒரு வரி சேர்ப்பாராயின் நலம். மூத்தோர் தாம் கழித்த நல்ல பூட்ஸ்களையும் பட்டிகளையும் பொதுப்பெட்டியொன்றில் வைத்துப் புதியவர்க்கு இரவல் கொடுப்பது அதனினும் நலம்.

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். புதிய பூட்ஸை நேரே களத்திற்கு அணிந்து செல்வது பேதைமை. இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் சிறிதுநேரம் அணிந்து நடந்து காலோடு பழக்குதல் வேண்டும். மழையில் நனைந்ததை நெருப்பருகே வைத்து உலர்த்தலாகாது. சூட்டினால் தோலின் நார் சுருங்கி இறுகிப் பின்னர் வெடிக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி, காற்றோட்டத்தில் வைப்பதே முறை. உலர்ந்தபின் மெழுகோ கொழுப்போ அளவாகத் தடவுக. காலுறையை நாள்தோறும் மாற்றுக. முதல் உலகப் போரில், 1914 முதல், நனைந்த காலோடு பதுங்குகுழியில் நாட்கணக்காக நின்ற படைவீரர் பல்லாயிரவர் கால் அழுகும் நோயால் வருந்தினர். காலுறை மாற்றுவதும் காலை உலர்த்துவதுமே அந்நோயைப் பெரிதும் குறைத்தன. விளையாட்டுக் களத்திற்கும் அப்பாடம் உரியது.

இவ்வளவும் கடல் கடந்த நாட்டார் விளையாட்டைப் பற்றியதன்றோ, நமக்கென்ன என்று வாசகர் கருதலாம். தொடர்பு உண்டு, அதுவும் தோலினாலேயே. நம் காட்டில் மஞ்சட்பூப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையால் பதனிட்ட தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குச் சென்றது. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிட்ட தோலும் தைத்த காலணியும் ஐரோப்பாவிற்குச் செல்கின்றன. அத்தொழிலாற் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதே தொழிலின் கழிவுநீரால் பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் கெட்டன. அவ்வூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டுமென்று இந்திய உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தோல் எளிதில் வருவதன்று; ஒரு விலங்கின் உயிரும், ஒரு தொழிலாளியின் கைவருத்தமும், ஓர் ஆற்றின் நீரும் அதனுள் அடங்கியுள்ளன. அவ்வாறு வந்த பொருளை ஒரு வார இறுதி அணிந்து குப்பையில் எறிவது, விளையாட்டுக்கும் அழகன்று, அறத்திற்கும் அழகன்று. பத்தாண்டு உழைக்கும் ஒரு சோடி, பத்துச் சோடிகளின் வேலையைச் செய்கின்றது; ஒன்பது சோடிகளின் தோலும் நீரும் மிஞ்சுகின்றன.

ஆதலின் அன்பர்காள், வேடம் புனையும் விருப்பமுடையார் எந்நாட்டிலிருப்பினும் இதனை ஓர்க. முடியைக் காகிதத்தாற் செய்யலாம். வாளை நுரையாற் செய்யலாம். அரசனையும் சொல்லாற் செய்துவிடலாம். கால் மட்டும் மெய்யான கால். அது மிதிக்கும் மண்ணும் மெய்யான மண். பொய்க்கோலம் முழுவதும் நிற்பதற்கு அடியிலே மெய்யான பொருள் ஒன்றேனும் வேண்டும். எம் நண்பர் அன்று கழற்றிய நீல அங்கி அவருடைய பேழையில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றது. அதன்கீழ் நல்லதொரு மிதியடி இருந்திருப்பின் அவ்வங்கி எத்தனை களங்களைக் கண்டிருக்கும்! அவ்வாறு பேழைக்குட் புகும் அங்கிகள் இனிக் குறைவதாக.